'நாங்கள்' என்பதா, 'நாம்' என்பதா? ஓர் இழவுப் பாட்டை மொழிபெயர்க்கையில் வந்த சிக்கல்

கல்தச்சன் | திங்கள், இரவு 9.42

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் ஓராண்டு. அன்று மாலை கடைத்தெருவில் ஒரு சிறு கூட்டம் வைத்திருக்கிறோம். எங்கள் பாட்டுக் குழுவில் ஒன்பது பேர். அதில் இருவர் இறந்தவர்களின் வீட்டுப் பெண்கள். வழக்கமான பாட்டுகளோடு தென்னாப்பிரிக்காவின் 'சென்சேனி நா' பாட்டையும் தமிழாக்கிப் பாடலாம் என்று நான்தான் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காக: நிறவெறி ஆட்சிக் காலத்தில் சவ ஊர்வலங்களில் பாடப்பட்ட பாட்டு அது. ஜூலு, கோசா மொழிக்காரர்கள் பாடுவார்கள். தேவாலயத்துப் பாட்டைப் போன்ற மெதுவான மெட்டு, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். 'சென்சேனி நா' என்பதே திரும்பத் திரும்ப வரும். 'என்ன செய்தோம்?' என்று பொருள். நடுவில் 'எங்கள் கறுப்புத்தான் எங்கள் பாவம்' என்று ஒரு வரி. இடத்துக்கு இடம் வேறு சில வரிகளும் சேரும். அவ்வளவுதான்.

ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று நாளாக முதல் சொல்லைத் தாண்டவில்லை. 'நாங்கள் என்ன செய்தோம்?' என்று எழுதுவதா, 'நாம் என்ன செய்தோம்?' என்று எழுதுவதா? அவர்கள் மொழியில் இந்த வேறுபாடு கிடையாது. நமக்கு இருக்கிறது; இருப்பதால் வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

'நாங்கள்' என்றால் எதிரே ஒருவன் நிற்கிறான். அவனைக் கேட்கிறோம்: எங்களை ஏன் கொன்றாய், நாங்கள் என்ன குற்றம் செய்தோம்? 'நாம்' என்றால் பிணத்தைச் சுற்றி நிற்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதாக ஆகிவிடுகிறது. அதில் வேறொரு பொருளும் எட்டிப் பார்க்கிறது: இத்தனை நாள் நாம் என்னதான் செய்தோம்?

எதைப் போடலாம், சொல்லுங்கள்.

பெட்ரோமாக்ஸ் | திங்கள், இரவு 10.05

நாங்கள். இதில் என்ன மூன்று நாள் யோசனை? கேள்வி கொன்றவனிடம். 'நாம்' என்று போட்டால் ஆலை முதலாளியையும் தோளில் கை போட்டுக் கூட்டத்துக்குள் அழைத்த மாதிரி ஆகிவிடும்.

அஞ்சறைப்பெட்டி | செவ்வாய், காலை 6.20

தம்பி பெட்ரோமாக்ஸ் அவசரப்படுகிறார். முப்பத்தோரு வருடம் தமிழ் வகுப்பு எடுத்தவள் நான், ஆகையால் இலக்கணத்தை முதலில் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. நன்னூல் கணக்கில் தன்மைப் பன்மை விகுதிகளில் அம், ஆம் இரண்டும் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். எம், ஏம், ஓம் மூன்றும் படர்க்கையாரைச் சேர்த்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் 'செய்தோம்' என்ற சொல்லே கேட்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. ஆனால் இன்று 'நாம் செய்தோம்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். ஓம் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. பவணந்தியார் வந்து கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெரியம்மா திருத்துறைப்பூண்டிப் பக்கத்தவர். இழவு வீட்டில் அவர் ஒப்பாரி எடுத்தால் தெருவே வந்து நிற்கும். ஒப்பாரியில் பேச்சு முழுவதும் செத்தவரிடம். என்னைப் பெற்ற ராசாவே, போனாயே, இனி யார் எனக்கு என்று. பதில் வராது என்று தெரிந்தே கேட்கிற கேள்விகள். ஆனால் செத்தவரிடம் பேசுகிற சாக்கில் உயிரோடு இருப்பவர்களுக்கு விழவேண்டியதெல்லாம் விழும். நிலத்தை எழுதி வாங்கிக்கொண்ட மைத்துனன், மருத்துவச் செலவுக்குக் கை விரித்த மகன், சீரில் குறை வைத்த சம்பந்தி என்று ஒருவர் விடாமல் பெயர் சொல்லாமலே இழுத்து நடுவீட்டில் நிறுத்திவிடுவார். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அழுகிறவளை வாயை மூடு என்று சொல்ல அங்கே யாருக்கும் உரிமை கிடையாது. காரியம் முடிந்த மறுநாள் அதே சொல்லைச் சொன்னால் அடி விழும்.

துக்க வீடு பெண்களுக்கு அப்படி ஒரு அனுமதியைத் தந்தது. வேறு எங்கும் பேச விடாதவர்களை அங்கே மட்டும் பேச விட்டார்கள். உங்கள் பாட்டு எங்கே பாடப்பட்டது என்று பாருங்கள் கல்தச்சன். சவ ஊர்வலத்தில் என்கிறீர்கள். அது தற்செயலாக இருக்காது.

உம்கேனிக்கரை | செவ்வாய், மதியம் 1.15

அம்மா தொட்ட இடம்தான் முக்கியமான இடம். நான் டர்பனில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன், கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் நிறவெறியை எதிர்த்துக் கூடிய மக்களைப் போலீசார் சுட்டு 69 பேர் இறந்தார்கள். சில வாரங்களில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசையும் பான் ஆப்பிரிக்க காங்கிரசையும் தடை செய்தார்கள். 1976-இல் சொவேட்டோ மாணவர் எழுச்சிக்குப் பிறகு திறந்தவெளியில் அனுமதியின்றிக் கூட்டம் போடவும் முடியாமல் போனது. கட்சி இல்லை, மேடை இல்லை. மிஞ்சியது சவ அடக்கம். 1977 செப்டம்பர் 25 அன்று போலீஸ் காவலில் இறந்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிகோவின் அடக்கத்துக்கு வந்த பஸ்களை வழியிலேயே போலீசார் திருப்பி அனுப்பினார்கள். அப்படியும் பல்லாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அரசு சுட்டுக் கொன்றது. கொன்ற உடலைப் புதைக்கக் கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தின்மீது மறுபடி சுட்டது. அதனால் அடுத்த சனிக்கிழமை இன்னும் பெரிய கூட்டம். 1985 மார்ச் 21, ஷார்ப்வில் நடந்து சரியாக 25-ஆம் ஆண்டு. யூட்டன்ஹேகில் லங்கா என்ற குடியிருப்பிலிருந்து ஓர் அடக்கத்துக்கு நடந்து போன மக்களைப் போலீசார் சுட்டார்கள். அரசு அமைத்த விசாரணை ஆணையமே 20 பேர் என்று எண்ணியது. துக்கத்துக்குப் போனவர்கள் துக்கமாகத் திரும்பினார்கள்.

அதே ஆண்டு ஜூன் இறுதியில் மாத்யூ கோனிவே, ஃபோர்ட் கலாட்டா, ஸ்பாரோ ம்கோன்டோ, சிசெலோ ம்லாவுலி என்ற போராட்டக்காரர்கள் நால்வரைப் போலீசார் வழிமறித்துக் கொன்றார்கள். ஜூலை 20, சனிக்கிழமை, க்ரடாக் ஊரின் விளையாட்டுத் திடலில் அடக்கச் சடங்கு. நாடெங்கிலுமிருந்து வந்தார்கள். தடை செய்யப்பட்ட கம்யூனிஸ்டுக் கட்சியின் கொடியைக் கூட்டத்தில் பிரித்துப் பிடித்தார்கள். அன்று இரவே நெருக்கடி நிலை அறிவிப்பு. சில நாளில் அடக்கத்துக்கென்றே விதிகள் வந்தன: திறந்தவெளியில் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு சவம், பேசுகிறவர் குருப்பட்டம் பெற்ற பாதிரியாராக இருக்கவேண்டும், அவரும் அரசியல் பேசக்கூடாது, கொடி கூடாது. எண்ணிப் பாருங்கள், ஓர் அரசு தன் கெசட்டில் இழவுக்கு நடைமுறை எழுதுகிறது!

பேச்சைத் தடுத்தாயிற்று. பாட்டை? பாதிரியார் முன்னிலையில், தேவாலய மெட்டில், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற கூட்டத்தை எந்த விதியில் பிடிப்பது? (பிடித்தார்கள், அடித்தார்கள், கண்ணீர்ப்புகை வீசினார்கள். ஆனால் விதியின்படி அல்ல.)

இன்னொன்று. அலுவலகத் தோழர் ஒருவரின் தாயார் இறந்தபோது டர்பனை ஒட்டிய குவாமாஷுவில் அடக்கத்துக்கு முந்தைய இரவு விழித்திருந்தேன். யாரும் 'இப்போது பாடலாம்' என்று சொல்வதில்லை. மூலையில் ஒரு பெண் ஒரு வரியை எடுக்கிறார். அவர் முடிப்பதற்குள் மற்றவர்கள் கீழ்க்குரலில் நுழைகிறார்கள். ஒரு சொல்லும் தெரியாத நான் மூன்றாம் சுற்றில் வாயசைத்தேன், ஐந்தாம் சுற்றில் பாடிக்கொண்டிருந்தேன். தாள் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், முன்னால் நிற்கிறவர் என்று ஒருவரும் வேண்டாம். தலைவரைத் தூக்கிக்கொண்டு போனால் நின்றுவிடுகிற வேலை இல்லை அது.

சந்தேகப்பிராணி | செவ்வாய், இரவு 11.30

பாட்டுக்கு இத்தனை மாலை வேண்டாம் நண்பர்களே. அதே 1985 ஜூலையில், க்ரடாக் அடக்கத்துக்கு ஐந்து நாள் முன்பே, போர்ட் எலிசபெத்தில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளில் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கடைக்காரர்கள் அலறினார்கள். டிசம்பரில் டர்பனில் கோசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு பிறந்தது. ஆட்சியை ஆட்டியவை இவை. தெருத்தெருவாகக் குழு அமைத்தவர்கள், சந்தா வசூலித்தவர்கள், கணக்கு எழுதியவர்கள். அவர்களைப் பற்றி யாரும் உருகி எழுதுவதில்லை, ஏனென்றால் கணக்கு நோட்டுக்கு மெட்டு கிடையாது.

பாடினால் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான். எங்கள் ஊரில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். விபத்து, மெழுகுவர்த்தி, பாட்டு, கண்ணீர், பதினாறாம் நாளுக்குப் பிறகு வழக்கறிஞரின் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை.

பாட்டு பாடகனையே காப்பாற்றாத கதையும் உண்டு. 1997 ஜூலை 11, மும்பை, ரமாபாய் நகர். அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருந்ததைக் கண்டு மக்கள் திரண்டார்கள். மாநில ரிசர்வ் போலீசார் சுட்டு 10 பேர் இறந்தார்கள். விலாஸ் கோக்ரே அந்த மக்களின் பாடகர், ஊர் ஊராகப் பாடியவர். சில நாளில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். துக்கத்தைச் செயலாக மாற்றும் மந்திரம் பாட்டில் இருந்தால், அதை நன்றாக அறிந்த அவர் கையில் அல்லவா அது முதலில் இருந்திருக்க வேண்டும்?

மட்டுறுத்துநர் | புதன், காலை 8.00

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தக் கட்சியின் மேடைப்பாட்டு சிறந்தது என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

அஞ்சறைப்பெட்டி | புதன், காலை 10.40

கோக்ரே பற்றி ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. அந்த இடத்தில் உங்களோடு வாதாட மாட்டேன், சந்தேகப்பிராணி. அந்தப் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத வரவில்லை.

ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. கீழ்வெண்மணி எங்கள் பெரியம்மா ஊருக்கு ரொம்ப தூரம் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு. அரைப்படி நெல் கூலி அதிகம் கேட்ட சண்டை. ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பெரியம்மாவிடம் பின்னாளில் ஒருமுறை கேட்டேன், அவர்களுக்கு நீங்கள் ஒப்பாரி பாடினீர்களா என்று. அவர் சொன்னது: 'எந்த முறை சொல்லி அழுவது?'

ஒப்பாரிக்கு முறை வேண்டும். அண்ணனா, மாமனா, பெற்ற பிள்ளையா, கொண்டவனா என்று தெரிந்தால்தான் முதல் சொல் வரும். முறை தெரியாத சாவுக்கு எங்கள் பெண்களிடம் பாட்டு இல்லை. சேரிச் சாவுக்கு அழ எங்கள் தெருப் பெண்ணுக்கு முறை இல்லை என்றால், அதற்குள் சாதியும் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட மாட்டேன். பெரியம்மாவுக்கு அது தெரிந்திருந்ததா என்று கேட்க இப்போது அவர் இல்லை.

இன்றும் டிசம்பர் 25 அன்று வெண்மணிக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், தப்பு அடித்துப் பாடிக்கொண்டு வருகிறார்கள். வருகிறவர்களில் பலருக்கு அந்த 44 பேரில் ஒருவரும் உறவு இல்லை. ஏதோ ஒரு பாட்டு அவர்களுக்கு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறது.

உம்கேனிக்கரை | புதன், மாலை 5.50

சந்தேகப்பிராணிக்கு: பாட்டு புறக்கணிப்பை உண்டாக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நாள் கணக்கே உங்கள் பக்கம். ஆனால் புறக்கணிப்பு நிலைக்க வேண்டுமே. வீட்டில் குழந்தை, கையில் காசு, கடையில் ரொட்டி. ஒரு பெண் அந்தக் கடையைத் தாண்டி நடக்க வேண்டும், மறுநாளும், அதற்கு மறுநாளும். சனிக்கிழமை பக்கத்தில் நின்று ஒரே வரியை முப்பது தடவை பாடியவளின் கண்ணெதிரே திங்கட்கிழமை கடைப்பையோடு வருவது சுலபமா?

சந்தேகப்பிராணி | புதன், மாலை 6.10

கடைப்பையோடு வந்தவர்களைப் பிடித்து, வாங்கிய சமையல் எண்ணெயையும் சோப்புத் தூளையும் அங்கேயே விழுங்க வைத்த இளைஞர்களும் இருந்தார்கள். அதையும் சொல்லுங்கள். எல்லோரும் பாட்டில் கரைந்து போய்க் கட்டுப்படவில்லை.

உம்கேனிக்கரை | புதன், இரவு 8.25

உண்மை. அதை மறைத்தால் இந்தப் பேச்சே பொய். பாட்டுக்குள்ளேயே அந்த முகமும் இருக்கிறது, அது கல்தச்சனின் கேள்விக்கும் பொருந்தும்.

போராளிகளைப் புதைக்கும்போது பாடிய பாட்டு ஒன்று, 'ஹம்பா காஹ்லே ம்கோன்டோ' என்று தொடங்கும். ம்கோன்டோ என்பது இங்கே ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் ஆயுதப் படை. 'நலமாகப் போய் வா' என்று செத்தவனை வழியனுப்பும் சொல். நாம் 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய் வருகிறேன்' என்போமே, அந்தப் பதம் எனக்கு அங்கே கேட்டது. மொழிபெயர்ப்பில் 'வா' என் கைச்சரக்கு. இதுவரை ஒப்பாரி. அடுத்த வரியில் பேச்சு பிணத்தை விட்டுத் திரும்புகிறது: 'நாங்கள், ம்கோன்டோவின் ஆட்கள், இந்த போயர்களைக் கொல்லத் துணிந்துவிட்டோம்.' (போயர் என்றால் டச்சு வழி வந்த வெள்ளையர்.) ஒரே மூச்சில் முன்னிலை தன்மையாகிறது. இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் துக்கம் வேறொன்றாகிறது. அந்த வேறொன்று எப்போதும் அழகாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. கொல் என்ற சொல் உள்ள இன்னொரு பழைய பாட்டைச் சுதந்திரத்துக்குப் பிறகு மேடையில் பாடியதை 2011-இல் ஒரு நீதிமன்றம் வெறுப்புப் பேச்சு என்றது. 2022-இல் அதே பாட்டைப் பற்றி இன்னொரு தீர்ப்பு அப்படி இல்லை என்றது.

வுயிசிலே மினி என்று ஒருவர் இருந்தார். துறைமுகத் தொழிற்சங்கக்காரர், கனத்த கீழ்க்குரல், பாட்டுக் கட்டுவார். பிரதமர் வெர்வூர்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 'இதோ வருகிறான் கறுப்பன், பார்த்துக்கொள்' என்று ஐம்பதுகளிலேயே பாட வைத்தவர். அதில் கெஞ்சல் துளியும் கிடையாது, ஆடிக்கொண்டே பாடலாம். 1964 நவம்பர் 6 அன்று பிரிட்டோரியா சிறையில் இரண்டு தோழர்களோடு தூக்கிலிட்டார்கள். பாடிக்கொண்டே போனார் என்று உடனிருந்த கைதிகள் எழுதியிருக்கிறார்கள். உடலைக் குடும்பத்திடம் கொடுக்காமல் அடையாளமற்ற குழியில் போட்டார்கள். அடக்கம் என்ன செய்யும் என்று அந்த அரசுக்குத் தெரியும் பாருங்கள். 1998-இல்தான் தோண்டியெடுத்துப் போர்ட் எலிசபெத்தில் மரியாதையோடு புதைத்தார்கள். 34 வருடம் கழித்து ஒரு சவ ஊர்வலம்.

1993 ஏப்ரல் 10 அன்று கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானி சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடு பற்றி எரியும் என்று பயந்தார்கள். சில இடங்களில் எரியவும் செய்தது. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகாமல் தெருவில் பாடிக்கொண்டு நின்றதும் பேச்சுவார்த்தை மேசைக்குத் தெரிந்தது. ஜூனில் எல்லா இனத்தாரும் வாக்களிக்கும் முதல் தேர்தலுக்கு நாள் குறித்தார்கள்: 1994 ஏப்ரல் 27. பாட்டினால் என்று சொல்லவில்லை, சந்தேகப்பிராணி. பாடிய அதே கூட்டத்தினால்.

பெட்ரோமாக்ஸ் | புதன், இரவு 10.50

திங்கள் இரவு நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். ஏழு தடவை. பக்கத்து அறைக்காரன் யார் செத்தது என்று கதவைத் தட்டினான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். சென், சே, னி, நா. நான்கு. என், ன, செய், தோம். நான்கு. 'நாம்' சேர்த்தால் ஐந்து, 'நாங்கள்' சேர்த்தால் ஆறு. இரண்டும் மெட்டில் இடறும். மெட்டுக்கு எழுவாய் வேண்டாம். அஞ்சறைப்பெட்டி அம்மா சொன்னபடி ஓம் இரண்டுக்கும் பொது. அப்படியே விட்டுவிடுங்கள். கேட்கிறவன் எங்கே நிற்கிறானோ அதற்கேற்ற சொல் அவன் காதில் விழட்டும்.

அஞ்சறைப்பெட்டி | வியாழன், காலை 6.05

தோன்றா எழுவாய்! பத்து வருடம் முன்பு என் வகுப்பில் இருந்திருந்தால் உங்களுக்கு முதல் மதிப்பெண் போட்டிருப்பேன் தம்பி.

கல்தச்சன் | ஞாயிறு, இரவு 9.15

நேற்று ஒத்திகை. 'என்ன செய்தோம்' என்று மட்டும் வைத்துப் பாடினோம். பாவத்தைப் பற்றிய வரியை அப்படியே எடுக்க முடியாது. எங்கள் ஊரில் செத்தவர்கள் தோலுக்காகச் சாகவில்லை. அந்த இடத்தில் ஆறு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லலாம் என்று குழுவில் ஒரு பெண் சொன்னார். மகனை இழந்தவர். அவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கீழே 'என்ன செய்தோம்' என்று பிடித்துக்கொண்டு போனோம். நான்காவது பெயர் அவர் மகனுடையது. அங்கே நிறுத்துவார் என்று பயந்தேன். நிறுத்தாமல் ஐந்தாவதற்குப் போனார்.

இரண்டாம் சுற்று முடிந்ததும் தபேலாக்காரர், அதிகம் பேசாதவர், 'உண்மையிலேயே என்னதான் செய்தோம்?' என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. இழப்பீட்டு வழக்கு 14-ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது. இதுவரை ஐந்து விசாரணைக்கும் அந்த இரண்டு பெண்களும் நானும் வழக்கறிஞரின் குமாஸ்தாவும் மட்டும் போயிருக்கிறோம். குழுவின் மற்ற ஆறு பேர் ஒருமுறைகூட வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. வேலை நாளாயிற்றே, எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டேன்.

பிறகு பாட்டு நடக்கவில்லை, பேச்சுத்தான். யார் விடுப்பு எடுக்கலாம், வேன் வாடகை எவ்வளவு, பக்கத்து ஆலைத் தொழிலாளர்களைக் கேட்கலாமா என்று. ஒத்திகை பாதியில் நின்றதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட; மூன்றாம் குரல் இன்னும் சுருதியில் சேரவில்லை. கடைசியில் நோட்டில் பதினொரு பெயர் எழுதியிருக்கிறோம்.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, இரவு 9.58

பதினொன்றில் எத்தனை பேர் வேனில் ஏறினார்கள் என்று 15-ஆம் தேதி இங்கே எழுதுங்கள் தோழரே. அதுவரை இந்த இழையைப் பூட்ட வேண்டாம் என்று மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.